சக்கரத்து மேல ஒரு குடித்தனம்

கண்ணு, ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. இதை உனக்குச் சொல்லறதுக்கே எனக்குக் கூச்சமா இருக்குது. உங்கப்பன் உன்ற காலேஜுக்குக் கட்டுன பணத்தை நினைச்சா இன்னுங் கொஞ்சம் எச்சாவே கூசுது. ஆனா நீ வூடா மாத்திக்கிட்டிருக்கற வண்டிக்குள்ள 200 லிட்டர் தொட்டியைக் கொண்டாந்து பின்னால, அதுவும் இடது பக்கத்து மூலையில நிறுத்தி வெச்சிருக்கறதைப் பார்த்துப்போட்டுச் சொல்லாம இருக்க முடியல. ரொப்புனா அது 200 கிலோ. கெடாவிருந்து தின்னுபோட்டு வந்த மூணு ஒறம்பரையை ஒரே மூலையில ஏத்தி உக்கார வெச்சாப்பல. அவுங்களாச்சும் வளைவு வந்தா கம்பியைப் புடிச்சுக்குவாங்க. தண்ணி எதையும் புடிச்சுக்காது.

அதுலயும் முழுத்தொட்டியை விட அரைத்தொட்டி பொல்லாதது. நீ பிரேக்கு போட்டு ஒரு நொடி கழிச்சு அது வந்து முன்னால மோதும். ஸ்டியரிங்கை ஒடிச்சா அக்கட்டால போய் நிக்கும், நீ நிமித்தறதுக்குள்ள இக்கட்டால வரும். தண்ணி லாரித் தொட்டிக்குள்ளார குறுக்குத் தகடு வெக்கறது எதுக்குன்னு நினைச்சே, அலங்காரத்துக்கா? அந்தத் தடுப்பு வெச்ச தொட்டியாப் பார்த்து, ரெண்டு அச்சுக்கும் நடுவால, தரையோட தரையாப் படுக்க வெச்சுப்போடு. 200 வேண்டாம், 80 போதும். "அப்புச்சி, தண்ணியே கெடைக்காத எடத்துல நாங்க நாலு நாளைக்கு இருப்போம்"ங்கறே. டீசல் கெடைக்கற எடத்துக்குத்தான் உன்ற வண்டி போகும். டீசல் பங்குல ஒரு கொழாய் இல்லாம இருக்குமா சாமி?

நான் லாரி ஓட்டுன காலத்துல வண்டியோட பக்கவாட்டுல ஒரு கேன் தொங்கும், அடியில ஒரு டேப்பு. பிளம்பிங் அவ்வளவுதான். மூஞ்சி கழுவ அது, சோத்துக்கு அது, ரேடியேட்டர் கொதிச்சா அதுக்கும் அது. திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிக்காரங்களைக் கேட்டுப் பாரு. ஆழ்துளைக் கெணறு போடறதுக்குன்னு வடக்க போனா மாசக்கணக்குல ஊட்டுப் பக்கம் வரமாட்டாங்க. சோறாக்கறது, படுக்கறது எல்லாம் வண்டியோடதான். பாயிண்டுல தண்ணி வந்தா அன்னைக்குக் குளியல், வராட்டி அடுத்த பாயிண்டு. அவுங்களை யாரும் படம் புடிச்சு இன்ஸ்டாகிராமுல போடறதில்ல. புடிக்கப் போனா "போற வழியைப் பாரு"ம்பாங்க.

போகட்டும், உன்ற காலம் வேற. பம்புக்கு வரலாம். கோயமுத்தூருல உக்காந்துக்கிட்டு பம்பை ஆன்லைன்ல வாங்குன மொத ஆளு நீதான்னு நினைக்கறேன். ஆனாப் பம்பு நல்ல பம்புதான், 12 வோல்ட்டு டயாபிரம். கொழாயைத் தொறந்தா அழுத்தம் கொறையும், உள்ளார இருக்கற ஸ்விட்சு அதை மோப்பம் புடிச்சு ஓட்டும், மூடுனா நிறுத்தும். இதுல ஒரு வேடிக்கை இருக்குது. ரவைக்கு யாரும் கொழாயைத் தொடாம அது தானா ஒருக்கா 'டுர்'ருன்னு ஓடி நின்னா, எங்கியோ சொட்டுதுன்னு அர்த்தம். உன்னையக் கட்டிக்கிட்ட புள்ளை பேயின்னு பயந்து உன்னைய எழுப்புச்சுன்னா, துன்னூறைத் தேடாதே, ஸ்பானரைத் தேடு. அதே மாதிரி பம்புக்குத் தனியா ஒரு ஸ்விட்சு வெச்சு, வண்டி ஓடறப்ப நிறுத்திப்போடு. குலுக்கல்ல ஒரு ஜாயிண்டு கழண்டா, அழுத்தம் கொறைஞ்சுபோச்சேன்னு பம்பு விசுவாசமா ஓட ஆரம்பிக்கும். தொட்டி மொத்தத்தையும் உன்ற மெத்தையில ஊத்திப்போட்டுத்தான் நிக்கும்.

தொட்டியில நீயே டிரில்லு வெச்சு ஓட்டை போட்டயே, அந்தப் பிளாஸ்டிக் சுருளெல்லாம் எங்க போச்சு? உள்ளாரதான் கெடக்குது. பம்பு வால்வுல ஒண்ணு சிக்குனாப் போதும். பம்புக்கு முன்னால ஒரு சல்லடை மாட்டு, கை விட்டுத் தொட்டியையும் வழி. அப்பறம் அந்தப் பைப்பு. வூட்டுக்குப் போடற பி.வி.சி.யை வாங்கி, சொலுசன் தடவி, எல்போ எல்போவா ஒட்டி, கோடு போட்டாப்பல நேரா கொண்டு போயிருக்கறே. பார்க்கறதுக்கு அம்சமா இருக்குது. ஆனா வூடு ஆடாது, வண்டி ஆடும். வெறைச்சுக்கிட்டு நிக்கற ஜாயிண்டு குலுங்கிக் குலுங்கி ஒரு நாளைக்கு மயிரிழை விரிசல் விடும். வளைஞ்சு குடுக்கற பைப்பாப் போடு. பெக்ஸ் கெடைச்சாப் பெக்ஸ், இல்லாட்டி நூல் பின்னுன ஹோஸ். அடிக்கு ஒரு கிளாம்பு. தகட்டைத் தாண்டற எடத்துல ரப்பர் வளையம். போற வழியில எங்க தாழ்வோ அங்க ஒரு வடிகால் டேப்பு. அந்த டேப்பு எதுக்குன்னு நீ போறேங்கற லடாக்குல தெரியும்.

இப்ப ஒண்ணு கேக்கறேன். தொட்டிக்குள்ள தண்ணி போக வழி வெச்சே, வெளிய வர வழி வெச்சே. காத்துக்கு வெச்சயா? தண்ணி கொறையற எடத்துல காத்து வந்து நிக்கோணும். வரலைன்னா பம்பு முக்கும், தொட்டியோட கன்னம் ஒட்டிப்போகும். ரொப்பறப்ப உள்ளார இருக்கற காத்து வெளிய போக வழியில்லாம தண்ணியை உன்ற மூஞ்சியிலயே துப்பும். விரல் மொத்தத்துல ஒரு குழாயைத் தொட்டி மேல சொருகி வெளிய கொண்டு போய், வாயில ஒரு வலையைக் கட்டி விட்டாப் போச்சு. ஆனா நான் பேச வந்தது அந்தக் குழாயைப் பத்தி மட்டுமில்ல கண்ணு. உன்ற வண்டி பூராவும் கோளாறு இந்த ஒரே சங்கதிதான். எது எப்படி உள்ள வரும்னு படம் போட்டு வெச்சிருக்கறே. அது எப்படி வெளிய போகும்னு ஒரு எடத்துலயும் போடல. தண்ணியில அப்படி விட்டா மெத்தை நனையும். புகையில அப்படி விட்டா என்னாகும்னு பொறவால சொல்லறேன்.

சிங்குத் தண்ணி எங்க போகுதுன்னு கேட்டேன். "கீழ"ன்னே. கீழன்னா எங்க, ரோட்டுலயா? உன்ற மாமனாரு வாசல்ல வண்டியை நிறுத்திப்போட்டு ஒருக்கா பாத்திரம் கழுவிப் பாரு, கீழன்னா என்னன்னு அவரே வெவரமாச் சொல்லுவாரு. கழுவுன தண்ணிக்கும் ஒரு தொட்டி வேணும், அதுக்கும் காத்துக்குழாய் வேணும், அடியில ஒரு வால்வும் வேணும். சிங்குக்கு அடியில வளைவுப் பைப்பு வெச்சிருக்கறதெல்லாம் சரி. ஆனா அந்த வளைவுல நிக்கற தண்ணிதான் நாத்தத்தைத் தடுக்குது, மலை ரோட்டுல அது எகிறி ஓடிரும். தண்ணியே இல்லாம ரப்பர் நாக்கு வெச்சு மூடிக்கற வால்வு வருது, அதைப் போடு. அப்பறம் நீ லடாக்குல பாங்காங் ஏரிக்குப் போறேன்னு வேற சொல்லறே. அந்த ஏரியில இருந்து தண்ணி வெளிய போறதுக்கு ஒரு ஆறும் கெடையாது. வந்த தண்ணி ஆவியாத்தான் போகோணும், அதனாலதான் அது உப்பு ஏரி. நீ ஊத்தற சோப்புத் தண்ணிக்கும் அங்கிருந்து வெளிய போக வழி இல்ல. புடிச்சு வெச்சுக்கிட்டு, ஊரு வந்ததும் சாக்கடையில ஊத்து.

கக்கூசைப் பத்தி நான் ஒண்ணும் பேசல. உங்க அம்மிச்சி உன்ற படத்தைப் பார்த்துப்போட்டு, அடுப்புக்கும் அதுக்கும் நடுவால எத்தனை அடின்னு கேட்டா. நீ "மடிச்சு உள்ள தள்ளிக்கலாம் அம்மிச்சி"ன்னே. அதுக்கப்பறம் அவ உன்றகிட்டப் பேசுனாளா?

சுடுதண்ணிக்கு இஞ்சின் சூட்டையே இழுத்து ஒரு தொட்டி வெக்கப் போறதாச் சொன்னே. கூலண்ட் ஒரு குழாய்ச் சுருளுக்குள்ள போகும், குளிக்கற தண்ணி வெளிய நிக்கும், ரெண்டும் கலக்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனா கூலண்ட் 80, 90 டிகிரியில ஓடும். பச்சைத்தண்ணி கலந்து விடற வால்வும், அழுத்தம் எச்சானா விட்டுடற வால்வும் இல்லாட்டி, நீ குளிக்கப் போய் வெந்து வருவே. எனக்கென்னமோ ஒரு குண்டாத் தண்ணியைக் காய வெச்சு, சொம்புல மோந்து ஊத்தறதுல ஒரு கொறையும் தெரியல. அதுக்கு வால்வே வேண்டாம்.

இனி காத்து. மச்சுல ஃபேன் வெக்கறதுக்கு 14 அங்குலச் சதுரமாக் கோடு கிழிச்சு வெச்சிருக்கறே. வெளிநாட்டு வண்டிக்கெல்லாம் அந்த அளவுதான் வழக்கம், அளவுல குத்தமில்ல. கிழிச்ச எடந்தான் குத்தம். உள்ளார நின்னு அண்ணாந்து பார்த்தயா? உன்ற சதுரத்துக்கு நட்டநடுவால ஒரு ரிப்பு ஓடுது. அதை அறுத்தா மச்சு தொங்கும். நாலு விரக்கடை தள்ளிக் கிழி. அறுத்த வெளிம்புக்கு அன்னைக்கே பிரைமர் அடி. பறந்து கெடக்கற இரும்புத்தூளைக் கூட்டி எடு. விட்டுப்போட்டா மொத மழையில உன்ற வெள்ளை வண்டி பூராவும் செம்புள்ளி விழும், ஆருகிட்ட சாபம் வாங்குனேன்னு ஊரு கேக்கும். சிலிக்கானை மட்டும் நம்பாதே. அடியில பியூட்டைல் டேப்பை ஒட்டி, ஸ்குரூவை முறுக்கி, மேல பாலியூரித்தேன் சீலண்ட் இழுத்து விடு.

ஃபேன் வெச்சதோட காத்து வந்துராது. அது வெளிய தள்ளறதுக்கு உள்ளார ஒண்ணு வரோணுமே. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திப்போட்டு ஃபேனைப் போட்டா, அது சுத்தும், ரீங்காரம் போடும், பேட்டரியைக் குடிக்கும், காத்து மட்டும் நகராது. ஃபேன் பின்னால மேல இருந்தா, முன்னால கீழ ஒரு தொறப்பு வேணும், கொசுவலையோட. நீ ஒண்ணு போட்டிருக்கறே, அது இருக்கற எடத்தைப் பத்திப் பொறவால சொல்லறேன். சூடு மேல ஏறும், குளுந்தது கீழ நுழையும். ஓட்டு வூட்டுல இருந்தவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்ல. அப்பார்ட்மெண்டுல பொறந்தவனுக்குச் சொல்லோணும்.

வெயிலுக்கு மட்டுந்தான் காத்துன்னு நினைச்சுக்காதே. குளுருக்கு இன்னும் எச்சா வேணும். ஒரு ஆளு தூங்கறப்ப மூச்சுலயும் தோலுலயும் விடற தண்ணி ராத்திரிக்கு ஒரு டம்ளருக்குக் கொறையாது. ரெண்டு பேருக்கு அரை லிட்டர் பக்கமா வரும். அதுக்கு மேல கேஸ் அடுப்பு. ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரைக் கிலோவுக்கு மேல தண்ணி ஆவியா வரும். கேஸ்ல இருக்கற ஹைட்ரஜன் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்தா அது தண்ணிதானே. நம்பலைன்னா உன்ற கெமிஸ்ட்ரிப் புத்தகத்தை எடுத்துப் பாரு, அட்டாலியில புதுசாவே இருக்குது. இந்த ஆவி அத்தனையும் குளுந்த தகட்டுல போய் உக்காரும். விடியால மச்சுல இருந்து உன்ற மூக்கு மேல சொட்டும். நீ சீலண்ட் டியூபைத் தூக்கிக்கிட்டு மச்சு மேல ஏறுவே. மச்சு ஒழுகல கண்ணு, ஒழுகறது நீங்க ரெண்டு பேருந்தான்.

அதுக்குத்தான் தகட்டுக்கு உள்ளார குளுரைத் தடுக்கற அடைப்பு போடறது. நீ கிளாஸ் ஊலைத் திணிச்சு வெச்சிருக்கறே. அது ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும், பொறவால தகடு உள்ளிருந்தே துரு ஏறும். ஏ.சி. டக்ட்டுக்குச் சுத்தற கறுப்பு ரப்பர் சீட்டு ஈரோட்டுலயே கெடைக்கும். இடைவெளி இல்லாம தகட்டோட ஒட்டிப்போடு. மேல பளபளன்னு வெள்ளித்தாளு வேற ஒட்டியிருக்கறே. அது சூட்டைத் திருப்பி அனுப்போணும்னா அதுக்கு எதுத்தாப்பல கொஞ்சம் காத்து இடைவெளி வேணும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா அது வெறும் ஜரிகைதான், கல்யாண மண்டபத்துக்கு ஆகும்.

சிலிண்டர் விசயத்துல மட்டும் நான் வெளையாடல. கேஸ் காத்தை விடக் கனம். ஒழுகுனா மேல ஏறி உன்ற ஃபேன் வழியாப் போகும்னு நினைச்சுக்காதே. தரையோட ஊர்ந்து கட்டிலுக்கு அடியில போய்த் தேங்கும். சிலிண்டருக்குத் தனிப் பெட்டி கட்டி, வண்டிக்கு உள்பக்கம் ஒரு சந்து பொந்து இல்லாம அடைச்சுப்போட்டு, அந்தப் பெட்டியோட அடியில ரோட்டைப் பார்த்து ஒரு ஓட்டை விடு. 2023 ஆகஸ்ட் 26 விடியக்காலம் மதுரையில நின்னுக்கிட்டிருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டியில, உள்ளார கொண்டு வந்த சிலிண்டரை வெச்சு டீ போடப் போயி 9 பேரு செத்தாங்க. லக்னோவுல இருந்து கோயில் கும்புட வந்தவங்க. சக்கரத்து மேல இருக்கற பெட்டிக்குள்ள தீ புடிச்சா ஓட எடமில்ல. உன்ற வண்டிக்கும் ஒரே கதவுதான், அந்தக் கதவுக்குப் பக்கத்துலதான் நீ அடுப்பை வெச்சிருக்கறே. இடம் மாத்து.

இனி அந்த ஹீட்டர். சேலம் ஜில்லாவுல, எங்க வூட்டு வாசல்ல, அக்னி நட்சத்திரத்துல, பனியனைப் புழிஞ்சு காயப்போட்டுக்கிட்டே ஹீட்டர் மாட்டறவன் நீ ஒருத்தந்தான். பக்கத்து வூட்டுக்காரரு எட்டிப் பார்த்துப்போட்டு, "ஏனுங்க, பேரனுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?"ன்னாரு. "இல்லீங்க, லடாக்குக்குப் போறானுங்க"ன்னேன். "அதைத்தானுங்க கேக்கறேன்"னாரு.

டீசல் ஹீட்டர் நல்ல சாமான்தான், பழிக்க மாட்டேன். ஜெர்மனியில வெபாஸ்டோ, எபர்ஷ்பெச்சர்னு ரெண்டு கம்பெனி இதுல பேர் போனது. நீ வாங்குனது அதைப் பார்த்துச் செஞ்ச சீனத்துப் பெட்டி. தீ எரியற அறை தனி, நீ சுவாசிக்கற காத்து தனி. தீக்கு வேண்டிய காத்து வண்டிக்கு அடியில இருந்து வந்து, புகை அடியிலயே போயிரும். உள்ளார இருக்கற காத்து அந்தச் சூட்டை மட்டும் தடவிக்கிட்டு வரும். அதனால உள்ளார ஈரமும் ஏறாது. ஆனா உனக்கு 2 கிலோவாட் போதும்னு கடைக்காரரே சொல்லியும் 5 கிலோவாட் வாங்கியிருக்கறே, எச்சா இருந்தா நல்லதுன்னு. பெரிய ஹீட்டரைச் சின்ன வண்டியில வெச்சா எப்பவும் அடங்கிக்கிட்டேதான் எரியும். அடங்கி எரிஞ்சாக் கரி புடிக்கும், கரி புடிச்சா ஒரு நாளு பத்தாமலே போகும். இனி மாத்த முடியாதுன்னா, அப்பப்ப ஜன்னலைத் தொறந்து வெச்சுப்போட்டு முழு வேகத்துல ஓட்டிக் கரியை எரிச்சு விடு. பத்த வெக்கறப்ப குளோ பிளக்கு 10 ஆம்பியர் பக்கமா இழுக்கும், ஒல்லி ஒயரு போட்டா அங்கியே மூச்சு முட்டும். நிறுத்தறப்ப பட்டனை அமுத்திப்போட்டுப் பொறுமையா இரு, அது ஆறி முடிக்கற வரைக்கும் மெயின் ஸ்விட்சுல கை வெக்காதே. சூடா இருக்கறப்ப கரண்டைப் புடுங்குனா உள்ளாரயே வெந்து கெட்டுப்போகும்.

புகைக்குழாயை எங்க விட்டிருக்கறேன்னு படுத்துப் பார்த்தேன். எழுந்திரிக்கறதுக்குத்தான் ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சு. குழாயோட வாயி வண்டிக்கு நடு அடியிலயே முடியுது. அதுக்கு ஒரு முழத் தூரத்துல தரையில ஒரு ஓட்டை. என்னடா ஓட்டைன்னு பார்த்தா, நீ கீழ காத்து வரட்டும்னு போட்ட வலைத்தொறப்பு. வெளிய விட்ட புகையை நீயே விருந்துக்குக் கூப்புட்டு உள்ள உக்கார வெக்கறே. குழாயை வண்டியோட பக்கவாட்டு வரைக்கும் இழுத்து, ஜன்னலுக்கும் தொறப்புக்கும் எதிர்ப்பக்கமா, கீழ் சாய்வா வெளிய விடு. ஜாயிண்டெல்லாம் தரைக்கு அடியிலதான் இருக்கோணும், ஒண்ணும் உள்ளார வரப்படாது. டீசல் பைப்பும் ஒயரும் பக்கத்துல போனா அந்தக் குழாய்க்குச் சூட்டுத்துணி சுத்து.

அந்தப் புகையில என்ன இருக்குதுன்னு உனக்குத் தெரியும், கார்பன் மோனாக்சைடு. வாசம் கெடையாது, நெறம் கெடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய எடத்துல இது போய் உக்காந்துக்கும், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல கெட்டியா. வடக்க ஒவ்வொரு குளுருலயும் கரியடுப்பை அறைக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்திப் படுத்தவங்க விடியால எழுந்திரிக்கலைன்னு சேதி வரும். நான் ஜம்முப் பக்கம் லோடு ஏத்தப் போனப்ப, கேபினுக்குள்ள கரியை வெச்சுக் குளுரு காயறவங்களைப் பார்த்திருக்கறேன். கண்ணாடியை ஒரு விரக்கடை எறக்கி வெக்கறவந்தான் விடிஞ்சு டீ குடிக்க வருவான்.

உனக்கு இன்னொரு ஏமாத்து இருக்குது. இந்த விசம் ஏறுனாத் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, அசதி. லடாக்குல உயரத்துக்கு ஏறுன மொத ராத்திரி உயரத்தாலயும் வர்றது அதேதான்: தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, அசதி. நீ என்ன பண்ணுவே? "உயரம் ஒத்துக்கல"ன்னு மாத்திரையைப் போடுவே, குளுருதுன்னு இருக்கற சந்தையும் துணி வெச்சு அடைப்பே, ஹீட்டரை ஒரு புள்ளி ஏத்தி வெப்பே. அதனாலதான் சொல்லறேன், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வாங்கித் தலைமாட்டுக்குப் பக்கத்துல மாட்டு. கேஸ் அலாரம் வேற, அது தரையோரமா. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு ஒரே எடத்துல மாட்டிப்போடாதே. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தலை வலிச்சா மொதல்ல கதவைத் தொறந்து வெளிய வந்து நில்லு, மாத்திரையெல்லாம் பொறவு.

உயரத்துல ஹீட்டரும் திணறும். லடாக்குல கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அங்க 18,380 அடின்னு போர்டு வெச்சிருந்தாங்க, அளந்து பார்த்தா 17,600 கூட வரல. மலையே தன்ற உயரத்தை எச்சாச் சொல்லிக்குது, உன்ற கிலோவாட்டைச் சொல்லி என்ன ஆகப்போகுது. அந்த உயரத்துல காத்தழுத்தம் இங்க இருக்கறதுல பாதிதான், கொஞ்சம் கூட. டீசல் அதே அளவு சொட்டும், அதை எரிக்கற ஆக்சிஜன் கொறைஞ்சுபோகும். கறுப்புப் புகை வரும், கரி ஏறும். டீசல் சொட்டறதைக் கொறைக்கற வசதி உன்ற பெட்டியில இருக்குதான்னு பாரு, இல்லாட்டி அந்த உயரத்துல படுக்காம எறங்கி வந்து படு. தண்ணியும் 82, 83 டிகிரியிலயே கொதிச்சுரும். குண்டாவுல அரிசியைப் போட்டா நீ காத்துக்கிட்டே இருக்கோணும். குக்கர் கொண்டு போ.

குளுரு காலத்துல போனா டீசலே மெழுகா ஒறைஞ்சு நிக்கும். 2019 நவம்பர்ல இந்தியன் ஆயில் லடாக்குக்குன்னு தனியாக் குளிர்கால டீசல் கொண்டாந்துச்சு, மைனஸ் 33 டிகிரி வரைக்கும் ஒறையாது. கீழ பஞ்சாபுல ரொப்புன சாதா டீசலோட மேல ஏறிப்போட்டு, காலையில டாங்கிக்கு அடியில தீ மூட்டறவங்களைப் பார்த்து நீயும் தீப்பெட்டியை எடுக்காதே. தண்ணி கதையும் அதேதான். ஒறைஞ்சா பருமன் நூத்துக்கு ஒம்பது பங்கு எச்சாகும், பைப்பு தாங்காது, பம்பு மண்டை வெடிக்கும். தாழ்வான எடத்துல ஒரு வடிகால் டேப்பு வெக்கச் சொன்னேனே, படுக்கப் போறதுக்கு முன்னால அதைத் தொறந்து, எல்லாக் கொழாயையும் தொறந்து, பம்பை ஒரு நிமிசம் ஓட விட்டு வடிச்சுப்போடு. ராத்திரிக்குக் குடிக்க ஒரு பாட்டிலை மெத்தைக்குள்ள வெச்சுக்கோ.

இதெல்லாம் போக, ஆர்.டி.ஓ. ஆபீசு. பாடி கட்டற பட்டறை வாசல்ல வளந்தவன் நான், எனக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு மனப்பாடம். கம்பெனி குடுத்ததுல இருந்து ஆர்.சி. புத்தகத்துல இருக்கற விவரம் மாறற மாதிரி வண்டியை மாத்தப்படாது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில அதையே சொல்லிப்போடுச்சு. மீறுனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூவா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் உள்ளார வெக்கவும் சட்டத்துல எடமிருக்குது. உன்ற வண்டியில எத்தனை மாத்தம்னு எண்ணிப் பார்த்தயா? நான் எண்ணல, எனக்கு ரத்தக்கொதிப்பு. மோட்டார் கேரவன்னு ஒரு வகை சட்டத்துல இருக்குது, அதுக்கு ஏ.ஐ.எஸ். 124-ன்னு தனி விதியும் இருக்குது. மச்சுல ரம்பத்தை வெக்கறதுக்கு முன்னால ஆபீசுக்குப் போய் எழுத்துல கேட்டுக்கோ. கக்கூசு படத்தை மட்டும் மேல வெக்காதே.

சரி, உன்ற ஆசையைக் கெடுக்கறதா நினைச்சுக்காதே. அம்மிச்சி நேத்தே பொட்டியில இருந்து கம்பளியை எடுத்து வெயில்ல போட்டுட்டா. கேட்டா "பூச்சி புடிச்சிருமுங்க"ங்கறா. மே மாசத்துல கம்பளிக்கு என்ன பூச்சியோ எனக்குத் தெரியல. நானும் ஒண்ணும் கேக்கல, முன் சீட்டு ஆருக்குன்னு மட்டும் பேசி முடிச்சுக்கலாம்னு இருக்கறேன்.

அதுக்கு முன்னால லடாக்கெல்லாம் வேண்டாம். தொட்டியில அரைவாசி தண்ணி ரொப்பிக்கிட்டு, கொல்லிமலைக்கு ஏறு. 70 கொண்டை ஊசி வளைவு, எந்த ஜாயிண்டு ஒழுகும், எந்தத் தட்டு கழண்டு விழும்னு மேல போய்ச் சேர்றதுக்குள்ள தெரிஞ்சுபோகும். ராத்திரி அங்கியே ஹீட்டரைப் போட்டு, அலாரத்தை மாட்டி, ஒரு தொறப்பை விட்டு வெச்சுப் படு. காலையில மச்சுல கை வெச்சுப் பாரு, ஈரமிருக்குதான்னு. எறங்கி வந்து என்னையக் கூப்புடு. புகைக்குழாய் வாயி எந்தப் பக்கம் திரும்பியிருக்குதுன்னு மறுபடியும் படுத்துப் பார்த்துப்போட்டுத்தான் நான் வண்டியில ஏறுவேன், எழுப்பி விட ரெண்டு ஆளை வெச்சுக்கோ.